ஆடிக்கும் ஆவணிக்கும் நடுவே

மூன்று வருஷமாக அந்தக் கைப்பேசியில் "அம்மா" என்ற பெயர் தானாக வந்ததில்லை. ஜெயஸ்ரீதான் கூப்பிடுவாள். பொங்கலுக்கு ஒரு தடவை, தீபாவளிக்கு ஒரு தடவை, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று யார் மூலமாவது காதில் விழுந்தால் ஒரு தடவை. எதிர்முனையில் முத்துலட்சுமி, "நல்லா இருக்கோம். கடையில கூட்டமாக் கெடக்கு. அப்புறம் பேசுதேன்" என்பாள். அந்த அப்புறம் வந்ததே கிடையாது.

இன்று காலை வந்துவிட்டது.

"அனுவுக்குப் பிள்ள பொறந்திருக்கு. பொம்பளப் பிள்ள. வந்து பாத்துட்டுப் போ."

தி.நகர் வீட்டு மாடிப்படியில் பனிக்குடம் உடைந்து, தம்பி மனைவி அனுப்ரியாவைக் காரில் ஏற்றிக்கொண்டு குடும்பமே கோபாலபுரத்து நர்சிங் ஹோமுக்குப் பறந்ததோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்தார்கள், தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள் என்பது சொந்த அத்தைக்கு மறுநாள்தான் தெரிகிறது. அதற்கே ஜெயஸ்ரீக்குக் கண் நிறைந்துவிட்டது. பட்டினி கிடந்தவளுக்குப் பழைய சோறும் விருந்துதானே.

ஜெயஸ்ரீ பச்சிளங்குழந்தைகளுக்கான டாக்டர். அடையாறில் ஓர் ஆஸ்பத்திரியில் பகலெல்லாம் ஊரார் பெற்ற பிள்ளைகள் அவள் கையில் இருக்கும். சாயந்திரம் கோட்டூர்புரம் வீட்டுக்கு வந்தால் பேச்சுச் சத்தம் வேண்டுமே என்பதற்காக டிவியைப் போட்டுவிட்டு, அதைப் பார்க்காமல் சமையலறையில் நிற்பாள். கல்யாணம் செய்து வைத்த இடத்தில் வாழ முடியாது என்று அவள் திரும்பி வந்த அன்றைக்கு அப்பா வெள்ளைச்சாமி பேச்சை நிறுத்தினார். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறவர். விற்ற துணியைத் திருப்பி எடுப்பதில்லை என்று கடையில் போர்டு தொங்கவிட்டிருக்கிறவர். பெண்ணுக்கும் அதே சட்டம்தான்.

தம்பி ராகேஷ் கல்யாணத்தில் நாத்தனார் முடிச்சுப் போட வேண்டியவள் இவள். வாழாமல் வந்தவள் கை பட வேண்டாம் என்று யாரோ சொன்னார்கள். யாரும் மறுக்கவில்லை. பெரியப்பா மகள் போட்டாள். ஜெயஸ்ரீ கடைசி வரிசையில் உட்கார்ந்து அட்சதை தூவிவிட்டு, சாப்பிடாமல் வந்துவிட்டாள். அதையும் யாரும் கவனிக்கவில்லை.

ஆனால் பாருங்கள், அம்மா ஒரு வார்த்தை சொன்னதும் எல்லாம் மறந்துபோயிற்று. டியூட்டியை இன்னொருத்தியிடம் மாற்றிக்கொண்டாள். பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது என்று அம்மா சொல்வது நினைவு வந்து, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருந்த தன் பழைய நூல்புடவையை எடுத்துத் துண்டு துண்டாகக் கிழித்து மடித்தாள். கிழிக்கும்போது பாட்டுக்கூட முனகினாள் என்றால் நம்ப வேண்டும்.

*

நர்சிங் ஹோம் படியேறும்போதே ஆயா தாயம்மா எதிரே வந்தாள். கையில் வாளி, வாயில் வெற்றிலை.

"பதினொண்ணாம் நம்பர் ரூமா? போம்மா, போய்ப் பாரு. கொயந்த சும்மா கும்முனு கீது. இதப் போய் எட்டு மாசம்ன்றாங்கோ. நான் எத்தினி கொயந்த பாத்துக்கினு கீறேன், எனக்குத் தெரியாதா?"

ஜெயஸ்ரீ சிரித்துக்கொண்டே போனாள். அந்தப் பேச்சில் விஷம் இருப்பது அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

அறை வாசலில் முத்துலட்சுமி நின்றிருந்தாள். மகளைப் பார்த்ததும் முகம் ஒரு கணம் இளகியது. உடனே கையைப் பிடித்து, உள்ளே விடாமல், வராந்தாக் கோடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"மெலிஞ்சிட்டியே."

"எங்கம்மா மெலிஞ்சேன். பிள்ளையப் பாக்க விடு முதல்ல."

"பாக்கலாம். அதுக்கு முந்தி ஒரு சங்கதி." முத்துலட்சுமி இரண்டு பக்கமும் பார்த்தாள். "பிள்ளையப் பாத்தே, அது எத்தன மாசம் வயித்துல இருந்துச்சுன்னு நீங்கல்லாம் கண்டுபிடிச்சிருவீகளாமே. நீ படிக்கயில சொல்லிருக்க."

"ஆமா. அதுக்கென்ன?"

"பாத்துச் சொல்லு. முழு மாசப் பிள்ளையா, கொற மாசமான்னு."

ஜெயஸ்ரீக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அம்மாவின் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டாள்.

விஷயம் இதுதான். வைகாசியில் கல்யாணம். ஆடி பிறந்ததும் வழக்கப்படி புதுப்பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆடியில் சேர்ந்திருந்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும், அது யாருக்கும் ஆகாது என்று அந்தக் காலத்திலிருந்து நடப்பது. ஊருக்கெல்லாம் துணியில் தள்ளுபடி கொடுக்கிற மாசத்தில் புருஷன் பெண்டாட்டியை மட்டும் தள்ளி வைத்துவிடுவார்கள். அனுப்ரியா சாத்தூரில் அப்பா வீட்டில் இருந்தாள். ராகேஷ் தி.நகரில் மூச்சுவிட நேரமில்லாமல் ஆடி விற்பனையில் இருந்தான். ஆவணி பிறந்த பிறகுதான் அவள் திரும்பி வந்தாள்.

இப்போது நடப்பது சித்திரை. எட்டாம் மாசத்திலேயே பிறந்துவிட்டது என்றால் கணக்கு ஆவணிக்குப் போகும், வம்பில்லை. முழு மாசப் பிள்ளை என்றால் கணக்கு ஆடியில் போய் நிற்கும். ஆடியில் அவளும் அவனும் ஒரே ஊரிலேயே இல்லை.

"அம்மா! என்ன பேசுற நீ? முதல் ஸ்கேன்லயே தேதி போட்டிருக்குமே."

"அது தலதீவாளிக்குப் போனப்ப சாத்தூர்ல எடுத்தது. அவ சித்திதான் அங்க நர்ஸு, தேதிய எப்படியும் போட்டிருக்கலாம்ல. அப்புறம் இங்க எடுத்ததுல எல்லாம் பிள்ள தேதிக்கு மேல பெருசா இருக்குன்னே சொன்னாக. இப்ப மூணே கால் கிலோ இருக்கு. கொறப் பிள்ள இம்புட்டு இருக்குமா?"

"அனுவுக்குச் சர்க்கரை இருந்துச்சுன்னு கேள்விப்பட்டேம்மா. அம்மாவுக்குச் சர்க்கரை ஏறினா பிள்ளை பெருத்துரும். எடைக்கும் மாசத்துக்கும் சம்பந்தமே இல்லை."

"இந்த வியாக்கியானம் எனக்கெதுக்கு? நீ பாத்துச் சொல்லு. நீ சொன்னா வீட்ல கேப்பாக."

நீ சொன்னா வீட்ல கேப்பாக! மூன்று வருஷமாக அவள் சொன்ன எதைக் கேட்டார்கள்? மகளைக் கூப்பிடவில்லை, டாக்டரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதுவும் வெளி டாக்டரிடம் கேட்டால் மானம் போகும் என்பதற்காக. தோளில் தொங்கிய பையில் கிழித்து மடித்த துணி கனத்தது. அப்படியே திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தாள். கோட்டூர்புரம் வீட்டை நினைத்ததும் கால் வரவில்லை.

"நான் பிள்ளையப் பாக்க வந்தேன். பாத்துட்டுப் போயிடுவேன். வேற எதுவும் பாக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

*

அனுப்ரியா தனியாகப் படுத்திருந்தாள். தாயில்லாத பெண். அப்பாவும் சித்தியும் சாத்தூரிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. நாத்தனாரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போய், தையல் இழுத்து முகம் சுளித்தாள்.

"வாங்க மதினி. வருவீகன்னு நெனைக்கவே இல்ல."

"படு, படு. நான் வராம யாரு வருவா?"

கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் தனியாகப் பேசிக்கொள்வது இதுதான் முதல் தடவை. ஜெயஸ்ரீ துணிகளை மேஜைமேல் வைத்தாள். அனுப்ரியா அதிலொன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, "எங்கம்மா சேலை மாதிரியே இருக்கு" என்றாள்.

தொட்டிலில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள். தடித்த கன்னம், மடிப்பு விழுந்த தொடை. யார் பார்த்தாலும் முழுப் பிள்ளை என்றுதான் சொல்வார்கள். ஜெயஸ்ரீயும் முதலில் அத்தையாகத்தான் குனிந்து பார்த்தாள். ஆனால் தச்சன் விருந்துக்குப் போனாலும் கதவு நிலையைப் பார்ப்பான். பிள்ளை படுத்திருந்த விதம் அவள் கண்ணில் பட்டது.

முழு மாசப் பிள்ளை கையையும் காலையும் இறுக்கி மடக்கிக்கொண்டு படுக்கும். இவள் கால்களை லேசாக மடித்து, கைகளைப் பரப்பிப் போட்டுக்கொண்டு தளர்ந்து கிடந்தாள். மூச்சும் கொஞ்சம் வேகமாக ஓடியது.

"பால் குடிச்சாளா?"

"காலைலருந்து தூங்கிக்கிட்டே இருக்கா மதினி. வாயில வச்சா ரெண்டு உறி உறிஞ்சிட்டு விட்டுர்றா. நல்ல பிள்ளை, அழவே மாட்டேங்குதுன்னு அத்தை சொன்னாக."

ஜெயஸ்ரீ உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டாள். பார்க்க மாட்டேன் என்று வராந்தாவில் சொன்னவள்தான். இப்போது பார்க்காமல் இருந்தால் அவள் டாக்டர் இல்லை. ஆனால் பார்க்கிற கண் ஒன்றுதானே? பிள்ளைக்காகப் பார்ப்பது எது, அம்மா கேட்டதற்காகப் பார்ப்பது எது என்று எப்படிப் பிரிப்பது? அந்தக் கூச்சத்தோடுதான் பிள்ளையைத் தொட்டாள்.

மணிக்கட்டைப் பிடித்து மெல்ல உள்பக்கமாக மடக்கினாள். நிறைமாசம் என்றால் உள்ளங்கை முன்கையோடு படிந்துவிடும். இவளுக்குப் பாதியிலேயே நின்றது. முழங்கையை மடித்துப் பிடித்து, நீட்டி, விட்டாள். வெடுக்கென்று திரும்பியிருக்க வேண்டிய கை சோம்பலாகத் திரும்பியது. கையைத் துப்பட்டா போடுவதுபோல நெஞ்சுக்குக் குறுக்கே இழுத்தாள். நிறைமாசப் பிள்ளை அவ்வளவு தூரம் விடாது, இவள் முழங்கை நடுநெஞ்சுவரை தடையில்லாமல் வந்தது.

காது மடலை மடித்து விட்டாள். திரும்பியது, ஆனால் குருத்தெலும்பு ஏறாத மெத்துக் காது. முதுகில் பூனைமுடி அங்கங்கே உதிராமல் இருந்தது. கடைசியாக உள்ளங்காலைத் திருப்பினாள். நிறைமாசப் பிள்ளைக்குக் குதிகால்வரை ரேகை ஓடியிருக்கும். இவளுக்கு விரல்களுக்குக் கீழே குறுக்காக ஒரு கோடு. அதற்குக் கீழே வழவழவென்று ஒன்றுமே இல்லை.

அந்தப் பாதத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஜெயஸ்ரீ மணி அடித்தாள். வந்த நர்ஸ் மதுவந்தியிடம், "சிஸ்டர், இப்பவே சுகர் பாருங்க. பிள்ளை பெருசா இருக்குன்னு ஏமாந்திருக்கோம். இது குறைமாசம்" என்றாள்.

குதிகாலில் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்ததில் சர்க்கரை பயப்படும் அளவுக்கு இறங்கியிருந்தது. தாயின் வயிற்றில் சர்க்கரையில் மிதந்த பிள்ளைக்குத் தொப்புள் கொடி அறுந்ததும் அது கிடைக்காமல் போய்விடும். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் வலிப்பு வந்திருக்கும். மதுவந்தி பிள்ளையை அள்ளிக்கொண்டு ஓடினாள். குழந்தை டாக்டருக்குப் போன் பறந்தது.

"மதினி, என்னாச்சு? பிள்ளைக்கு என்ன?"

"ஒண்ணும் ஆகலை. ஆகுறதுக்கு முந்தி பாத்துட்டோம். சர்க்கரைத் தண்ணி ஏத்துவாங்க, நாலஞ்சு நாள் கண்ணாடிப் பெட்டியில வச்சிருப்பாங்க. நான் கூடவே இருக்கேன்." அனுப்ரியாவின் தலையைத் தடவிவிட்டு, ஜெயஸ்ரீயும் ஓடினாள்.

*

மருந்து ஏறி, பிள்ளை முதன்முறையாக வீல் என்று கத்தியபோது ஜெயஸ்ரீக்கு அழுகை வந்தது. வெளியே வந்தாள். நாற்காலியில் முத்துலட்சுமி முந்தானையைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எப்படி இருக்கு?"

"தேறிடும்." உட்காராமலே சொன்னாள். "நீ கேட்டதுக்கும் பதில் கிடைச்சிருச்சு. இது குறைமாசப் பிள்ளை. ஆவணிக் கடைசிக் கணக்கு. நாங்க சொல்றதுல ரெண்டு வாரம் முன்னப்பின்ன பிசகலாம். ஆடிக்குப் போகவே போகாது. போதுமா?"

முத்துலட்சுமி கண்ணை மூடிக்கொண்டாள். "ஈஸ்வரா" என்றாள்.

"ஈஸ்வரனைக் கூப்பிடாதே. முழுப் பிள்ளை, முழுப் பிள்ளைன்னு சந்தேகப்பட்டீங்களே, அந்தச் சந்தேகத்துல பிள்ளை துவண்டு கிடக்கிறதை ஒருத்தரும் பாக்கலை. நீயும் ரெண்டு பிள்ளை பெத்தவதானே? வாயில்லாத பிள்ளையைப் பெத்தவ மேல இப்படி ஒரு பழியை நினைக்க உனக்கு எப்படிம்மா மனசு வந்துச்சு?"

அடக்கி வைத்திருந்த மூன்று வருஷமும் சேர்ந்து வந்துவிட்டது. வராந்தாவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முத்துலட்சுமி ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டாள். அவ்வளவு பேசாமல் வாங்கிக்கொள்கிறவள் இல்லையே என்று ஜெயஸ்ரீக்கே உறைத்து, நிறுத்தினாள்.

"திட்டி முடிச்சிட்டியா?" என்றாள் தாய். குரல் தணிந்திருந்தது. "நான் நெனைக்கல. அந்தப் பிள்ள முகத்தப் பாத்தா அப்படி நெனைக்கத் தோணுமா?"

"பின்னே?"

"ராகேஷுதான் கேக்கச் சொன்னான்."

ஜெயஸ்ரீ நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நேத்துப் பிள்ளையக் கொண்டாந்து காட்டுனாக. எட்டிப் பாத்தான். எடையக் கேட்டான். அப்புறம் தொடவே இல்ல. உன் அக்காதான் டாக்டராச்சே, கேக்க வேண்டியதுதானன்னேன். நீயே கேளும்மாங்கான். நான் கேட்டதா இருக்கட்டும்னு விட்டுட்டேன். மாமியா சந்தேகப்பட்டான்னா, மாமியான்னா அப்படித்தான்னு அந்தப் பிள்ள தொடச்சிப் போட்டுட்டுப் போயிரும். புருசன் சந்தேகப்பட்டான்னா தாங்குமா? அதான் பழி என் தலையோட போகட்டும்னு."

முத்துலட்சுமி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "இப்பத்தான் போன் போட்டுச் சொன்னேன். கடையிலருந்து கெளம்பிட்டான். குதிச்சிக்கிட்டு வாரான். நீ அவகிட்ட ஒண்ணும் சொல்லிராத. ஒன்னய அப்பாவும் வீட்டுக்குக் கூட்டியாரச் சொல்லிட்டாக. சாயந்தரம் என்கூடவே வந்துரு. ஒனக்குப் பிடிச்ச புளிக்கொழம்பு வைக்கேன்."

மூன்று வருஷமாக எந்த வார்த்தைக்காகக் காத்துக் கிடந்தாளோ அந்த வார்த்தை. அது வந்த நேரத்தைப் பாருங்கள்!

*

அறைக்குத் திரும்பியபோது அனுப்ரியா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"பிள்ளை அழுதாளா மதினி? சத்தம் கேட்டுச்சு."

"நல்லா அழுதா. இனிமே நிறுத்த மாட்டா பாரு."

அனுப்ரியா சிரிக்க முயன்றாள். பிறகு மெல்லக் கேட்டாள். "கையை மடக்கி, காதை மடக்கி, உள்ளங்காலைப் பாத்தீகளே. எங்க சித்தி நர்ஸு. எதுக்கு அப்படிப் பாப்பாகன்னு எனக்குத் தெரியும்."

ஜெயஸ்ரீ படுக்கை விளிம்பில் உட்கார்ந்தாள். "பிள்ளை தளர்ந்து கிடந்துச்சு அனு. அதான் பாத்தேன்."

"அதுவுந்தான். ஆனா பாக்கயில நீங்க என் மூஞ்சியப் பாக்கவே இல்ல." அவள் குரலில் கோபம் இல்லை. "பாக்கச் சொன்னது அத்தை இல்லேல்ல?"

"அம்மாதான் கேட்டாங்க" என்றாள் ஜெயஸ்ரீ. அது பொய்யும் இல்லை.

"அத்தை காலையில கஞ்சி ஊட்டிவிட்டாக. சிந்துனதைத் தன் முந்தானையாலயே தொடச்சாக. மனசுல அப்படி ஒண்ணு வச்சிருக்கவுக வாய் தொடச்சு விடமாட்டாக மதினி." அவள் கண்ணோரம் வழிந்தது காதுக்குள் இறங்கியது, துடைத்துக்கொள்ளவில்லை. "உங்க தம்பிதான் பிள்ளைய இன்னும் தூக்கல. ஆடி முச்சூடும் நான் போன் போட்டு அழுதேன். ஒரு நாள் வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போங்கன்னேன். கடையில கூட்டம், வழக்கத்த மீறக் கூடாதுன்னு சொன்னாக. சரின்னு இருந்தேன். இருந்ததுக்குத்தான் இது."

ஜெயஸ்ரீ அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆறுதல் சொல்ல எத்தனையோ வார்த்தை இருக்கிறது. எல்லாம் தன்னிடம் யார் யாரோ சொல்லிப் பிரயோஜனமில்லாமல் போனவை.

வராந்தாவில் செருப்புச் சத்தம் வேகமாக வந்தது. "சிஸ்டர், ஸ்வீட் எடுத்துக்கங்க! எல்லாரும் எடுத்துக்கங்க!" என்று ராகேஷின் குரல் சிரிப்போடு கேட்டது. கூடவே முத்துலட்சுமி ஏதோ சொல்லி அடக்குவதும் கேட்டது.

அனுப்ரியா பிடித்திருந்த கையை இறுக்கினாள்.

"மதினி, பிள்ளை தேறினதும் நான் அந்த வீட்டுக்குப் போகணுமா? அப்பா வீட்டுக்குப் போனா ஊரே கேக்கும். உங்க வீட்டுல எங்களுக்கு இடம் இருக்குமா?"

ஜெயஸ்ரீ அவளையே பார்த்தாள். சரி என்றால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். சாயந்திரம் திறக்கப்போகிற தி.நகர் வீட்டுக் கதவு இனி இந்த ஜென்மத்துக்குத் திறக்காது. தான் கெட்டது போதாதென்று தம்பி குடித்தனத்தையும் கெடுத்தாள் என்பார்கள். அம்மாவின் குரலைக் கேட்கப் பொங்கலும் தீபாவளியும்கூட மிஞ்சாது.

கதவு தட்டப்பட்டது.

"அக்கா, உள்ளதான இருக்க? அனு முழிச்சிருக்காளா? நான் வரலாமா?"

ஜெயஸ்ரீ எழுந்து கதவருகே போனாள். கதவில் பதித்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பியின் முகமும், அவன் தோளுக்குப் பின்னால் கெஞ்சுகிற அம்மாவின் முகமும் தெரிந்தன.

தாழ்ப்பாளைப் போட்டாள்.

"இடம் இருக்கு அனு" என்றாள் திரும்பாமலே. "உங்க ரெண்டு பேருக்கும் இருக்கு."